பனி பூத்த சிலிண்டரில் வெந்நீர் ஊற்றாதீர்கள்

முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சமையல் மாஸ்டர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி, விடிவதற்கு முன்பே வந்துவிடும். "சார், நேத்து இறக்கின சிலிண்டர். பாதிகூடக் காலியாகியிருக்காது. ஆனா அடுப்பு சோர்ந்துபோச்சு. ரெகுலேட்டர் போயிடுச்சா?"

ரெகுலேட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சிலிண்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள் மாஸ்டர் என்பேன். "ஐஸ் மாதிரி இருக்கு சார், வெள்ளையா பூத்திருக்கு" என்று பதில் வரும். அடுத்து "வெந்நீர் ஊத்தட்டுமா?" என்று கேட்பார். இப்படிக் கேட்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமலே ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். சிலர் அண்டாவில் கொதிநீர் வைத்து அதற்குள் சிலிண்டரையே இறக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் விறகுத் தணலைத் தள்ளி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மண்டபம், ஹோட்டல், விடுதிச் சமையற்கட்டுகளில் கேஸ் இணைப்புகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. படித்தது வேதியியல். பதினொன்றாம் வகுப்பில் 'மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகள்' என்று ஒரு பாடம் வருமே, பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்போம். சமையற்கட்டில் நான் பார்க்கும் விபத்துகளில் பல அந்தப் பாடத்துக்குள் அடங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிலிண்டருக்குள் பெரும்பகுதி இருப்பது திரவம். புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருள்களின் கலவை அது. திரவத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அங்கேதான் ஆவி நிற்கிறது. அடுப்புக்கு வருவது அந்த ஆவி. ஆவி குறையக் குறைய, கீழே இருக்கும் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். அடுப்பு எரியும் நேரம் முழுவதும் உள்ளே ஒரு கொதிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பே இல்லாமல் எப்படிக் கொதிக்கும்? புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. பியூட்டேனுக்கு மைனஸ் அரை டிகிரி. சென்னையின் 30 டிகிரி வெயில் அவற்றுக்கு உலைநெருப்பு. சாதாரணக் காற்றழுத்தத்தில் திறந்து வைத்தால் இரண்டும் நிமிடங்களில் பறந்துவிடும். சிலிண்டருக்குள் அழுத்தி அடைத்திருப்பதால்தான் திரவமாக நிற்கின்றன.

எத்தனாலைப் பாருங்கள், கையில் தேய்க்கும் சானிடைசரில் இருக்கிறதே, அதுதான். அதன் மூலக்கூறு எடை 46. புரோப்பேனுக்கு 44. கிட்டத்தட்ட ஒரே எடை. ஆனால் எத்தனால் கொதிக்க 78 டிகிரி வேண்டும். எடை ஒன்றாக இருந்தும் 120 டிகிரி வித்தியாசம். எத்தனாலில் ஆக்சிஜனோடு ஒட்டிய ஒரு ஹைட்ரஜன் உண்டு. அது பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்று படித்தோமே, அதுதான். எடை வெறும் 18 இருக்கிற தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பதும் அந்தப் பிடியால்தான். புரோப்பேனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும். அங்கே அப்படிப்பட்ட பிடி கிடையாது. எலக்ட்ரான்கள் கணநேரம் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பிறக்கும் மெல்லிய ஈர்ப்பு ஒன்றுதான் அந்த மூலக்கூறுகளைச் சேர்த்து வைக்கிறது. 1930ல் ஃபிரிட்ஸ் லண்டன் இதைக் குவாண்டம் இயக்கவியல் கொண்டு விளக்கினார், அதனால் லண்டன் விசை என்கிறோம். பியூட்டேனில் ஒரு கார்பன் கூடுதல், எலக்ட்ரான்களும் கூடுதல், எனவே ஈர்ப்பும் சற்றுக் கூடுதல். கொதிநிலை 40 டிகிரி ஏறிவிடுகிறது.

மாணவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். கொதிக்கும்போது மூலக்கூறு உடைகிறது என்று எழுதுவார்கள். உடைவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான். ஒரு கிலோ எல்பிஜி ஆவியாக ஏறத்தாழ 360 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை எரித்தால் சுமார் 46,000 கிலோஜூல் கிடைக்கும். எரியும்போதுதான் உண்மையான பிணைப்புகள் உடைந்து புதியவை உருவாகின்றன. ஆவியாவதற்கு ஆகும் செலவு அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

சரி, அந்த 360 கிலோஜூல் எங்கிருந்து வருகிறது? சமையற்கட்டுக் கோளாறு முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அடுப்பின் சூடு சிலிண்டருக்குப் போவதில்லை. வெளிக்காற்றிலிருந்து இரும்புச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். வீட்டில் இரண்டு பர்னர் எரியும்போது காற்று கொடுப்பதே தாராளம், நமக்கு எதுவும் தெரியாது. மண்டபத்தில் கதை வேறு. ஒரே 19 கிலோ நீலச் சிலிண்டரில் இரண்டு மூன்று ஹை பிரஷர் அடுப்பைப் பூட்டி, மணிக்கு 3 கிலோ இழுக்கிறார்கள் என்று கொள்வோம். அதற்கு மணிக்கு 1,080 கிலோஜூல் வேண்டும். அதாவது நிற்காமல் 300 வாட். காற்றால் அவ்வளவு கொடுக்க முடியாது. பற்றாக்குறைக்குத் திரவம் தன் சூட்டையே செலவழிக்கிறது. மண்பானையில் ஊறிய நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். வெளியிலிருந்து எதுவுமே கிடைக்காவிட்டால், 15 கிலோ திரவம் மிச்சமிருக்கும் சிலிண்டர் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். திரவம் குறையக் குறைய இன்னும் வேகமாக இறங்கும். சூட்டைத் தேக்கி வைத்திருக்கிற சரக்கும் குறைவு, சூடு வாங்கும் நனைந்த சுவரும் குறைவு.

முதலில் சிலிண்டர் வியர்க்கும். அது காற்றிலிருக்கும் ஈரம். பிறகு வெள்ளையாகப் பூக்கும். பூத்த கோட்டுக்குக் கீழே திரவம், மேலே ஆவி என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதைவிட இது நம்பகமான அளவுகோல்.

குளிர்ந்ததும் அழுத்தம் விழுகிறது. 30 டிகிரியில் புரோப்பேனின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 11 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), பியூட்டேனுக்கு 3 பாருக்குக் கொஞ்சம் குறைவு. பூஜ்யம் டிகிரியில் புரோப்பேன் 5 பாருக்குக் கீழே வந்துவிடும். பியூட்டேன் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சமமாகிவிடும், அதாவது வெளியே வரத் தள்ளும் பலமே இருக்காது. புரோப்பேன் முந்திக்கொண்டு ஓடிவிடுவதால் கடைசியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். அடுப்பு அணைகிறது, மாஸ்டர் 'தீர்ந்துபோச்சு' என்று கழற்றி வைக்கிறார். எடைபோட்டுப் பாருங்கள். காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். அதைவிடக் கூடுதலாக எத்தனை கிலோ இருக்கிறதோ அத்தனையும் நீங்கள் காசு கொடுத்த கேஸ். ஊட்டி, கொடைக்கானலில் மார்கழி இரவுகளில் வெளியே வைத்த வீட்டுச் சிலிண்டரும் இப்படித்தான் சண்டித்தனம் செய்யும்.

அப்படியானால் சூடு கொடுப்பதுதானே சரி என்று தோன்றும். தத்துவப்படி சரிதான், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் ஆபத்து. 60 டிகிரியில் புரோப்பேனின் அழுத்தம் 21 பார் அளவுக்கு ஏறிவிடும், 30 டிகிரியில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய பிரச்சினை திரவம் விரிவது. ஒரே அளவு சூட்டுக்கு இந்தத் திரவம் தண்ணீரைப்போலப் பத்து மடங்கு விரியும். அதனால்தான் ஆலையில் எடைபோட்டு, மேலே இடம் விட்டு நிரப்புகிறார்கள். அந்த இடம் இருக்கும்வரை திரவம் விரிந்துகொள்ள வழி உண்டு. இடம் அடைபட்டுத் திரவமே சிலிண்டரை நிறைத்துவிட்டால், அடுத்த ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பார் கணக்கில் தாவும். திரவத்தை அமுக்க முடியாது, இரும்புதான் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்குக் கள்ளத்தனமாக மாற்றி நிரப்பும் கடைகளில் எடைக்கருவி இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. அப்படி வாங்கிய சிலிண்டரை வெயிலில் வைத்தாலே போதும், வெந்நீர் தேவைப்படாது.

நெருப்பைப் பக்கத்தில் வைப்பது இன்னும் மோசம். திரவம் தொட்டிருக்கும் சுவர் ஓரளவு தப்பித்துக்கொள்ளும், கொதித்துக்கொண்டே சூட்டை வாங்கிக்கொள்ளத் திரவம் இருக்கிறது. மேலே ஆவி மட்டும் படும் சுவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே இரும்பு பழுத்து இளகும். அது கிழிந்த நொடியில் அழுத்தம் சட்டென்று விழ, உள்ளிருக்கும் திரவம் மொத்தமும் ஒரே மூச்சில் ஆவியாகும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் ஆவி. பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில், ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலையில் 1966 ஜனவரி 4 அன்று நடந்தது இதுதான். புரோப்பேன் சேமிக்கும் கோள வடிவத் தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடிக்கத் திறந்த வால்வு, ஆவியாகும் புரோப்பேனின் குளிரில் உறைந்து மூட முடியாமல் போனது. கசிந்த ஆவி மேகமாகத் தரையோடு நகர்ந்து பக்கத்துச் சாலையை எட்டியது. அங்கே வந்த ஒரு கார் அதற்குத் தீ வைத்துவிட்டது. கோளத்தைச் சுற்றித் தீயணைப்பு வீரர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோதே அது வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். குளிர்ந்து உறைந்ததில் தொடங்கி, கொதித்து வெடித்ததில் முடிந்த விபத்து அது. பயிற்சி வகுப்புகளில் நான் தவறாமல் சொல்வேன்.

வேறு என்னதான் செய்வது? பெரிய சமையல் என்றால் ஒரு சிலிண்டரில் எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். மூன்று நான்கு சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது பல சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் பொதுக் குழாயில், சேர்த்துப் பூட்டினால் ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் ஆவி கொடுக்க வேண்டும், எதுவும் உறையாது. மொத்தச் செலவு ஒன்றுதான், எரிவது அதே கேஸ்தானே. வாடகைக்குப் பாத்திரம் எடுக்கும்போதே மேனிஃபோல்டையும் கேளுங்கள். சிலிண்டர்களைக் காற்றோட்டமான இடத்தில், தரைக்கு மேலே வையுங்கள். நடுவில் பூத்துவிட்டதா, வேறு சிலிண்டரை மாற்றிவிட்டு இதைச் சும்மா ஓரமாக நிறுத்துங்கள். தானாக மீண்டுவிடும். டேபிள் ஃபேன் வைத்துக் காற்று கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அதன் சுவிட்சில் பறக்கும் ஒரு பொறி போதும்.

அப்புறம் இந்தப் படுக்க வைக்கும் பழக்கம். கடைசிச் சொட்டையும் எடுக்க வேண்டும் என்று சிலிண்டரைச் சாய்த்தோ கவிழ்த்தோ வைக்கிறார்கள். வால்வுக்கு ஆவி வராமல் திரவம் வந்துவிடும். ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்தது. அதைத் தாண்டி ட்யூபில் இறங்கும் திரவம் வழியிலேயே 250 மடங்கு பெருகி, பர்னரில் ஆள் உயரத்துக்குத் தீ எழும். கையில் பட்டால் கொப்பளிக்கும், அது சூட்டுக் கொப்பளம் இல்லை, குளிரில் வரும் புண். நிமிர்ந்து நிற்காத சிலிண்டரைப் பார்த்தால் நான் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதில்லை. பல மண்டப உரிமையாளர்களுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு.

திரவம் கசிந்தால் வெள்ளைப் புகைபோல ஒன்று தெரியும். அது கேஸ் இல்லை, குளிரில் உறைந்த காற்றின் ஈரம். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, புகை முடிந்த இடத்துக்கு அப்பாலும் பரவியிருக்கும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், குளிர்ந்திருந்தால் இன்னும் கனம். அதனால் தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள்ளும் கீழ்த்தளத்துக்கும் இறங்கும். மேல் ஜன்னலைத் திறந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஒரு கிலோ கேஸ் கசிந்தால் கிட்டத்தட்ட அரை கன மீட்டர் ஆவி. பத்துக்குப் பத்து அறை ஒன்றை முழுதாகத் தீப்பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். வாடை வந்தால் லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, தரைமட்டக் கதவுகளைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, வெளியே நின்று 1906க்குப் போன் செய்யுங்கள்.

காலி என்று கழற்றி வைத்த சிலிண்டருக்கும் இந்தக் கசிவு ஆபத்து உண்டு. உறைந்து நின்ற சிலிண்டரை லாரியில் ஏற்றி மதியம் வெயிலில் நிறுத்தினால், காலையில் வெளியே வர மறுத்த பியூட்டேன் நன்றாகவே வரும். கழற்றியதும் வால்வில் மூடியை மாட்டி, நூலோடு தொங்கவிடாமல் அழுத்திப் பொருத்துங்கள்.