கருப்பு மதுவும் அல்ல, கழிவுநீரும் அல்ல: கருங்கரைசல்

மரத்தை வேகவைத்துக் கூழெடுத்தபின் வடியும் கரைசலைக் காகிதக்கூழ் ஆலைகள் பிளாக் லிக்கர் என்கின்றன. அதைத் தமிழில் ‘கருப்பு மது’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். இயந்திரம் பெயர்த்துத் தந்ததை யாரும் படித்துப் பார்க்காமல் ஒட்டிவிடுகிறார்கள். லத்தீனில் லிக்கர் என்றால் நீர்மம், அவ்வளவுதான். மது என்பது பின்னால் கிளைத்த பொருள். பிளாக் லிக்கரில் கரைந்திருப்பது, மரத்தில் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின். அதற்கு, மரத்தைக் குறிக்கும் லிக்னம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து 1813-இல் பெயரிட்டவர் சுவிஸ் தாவரவியலாளர் டி கண்டோல். லிக்னைட்டுக்கும் வேர் அதுவே. இதை ‘மரப்பசை’ ஆக்கினால் வேலம்பிசின்தான் நினைவுக்கு வரும். லிக்னின் என்றே இருக்கட்டும்.

மதுவைத் திருத்துபவர்கள் அடுத்து விழும் குழி ‘கருப்புக் கழிவுநீர்’. என் வழக்கு முக்கியமாக இதனோடுதான். மது என்றால் படிப்பவருக்கே சந்தேகம் வரும். கழிவுநீர் என்றால் நம்பிவிடுவார்.

மரத்திலிருந்து கூழெடுக்கும் கிராஃப்ட் முறையை எடுத்துக்கொள்வோம். கிராஃப்ட் என்பது வலிமையைக் குறிக்கும் ஜெர்மன் சொல். அதைக் ‘கைவினை’ என்று பெயர்ப்பது இன்னொரு கொடுமை. சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் சேர்ந்த, வெள்ளை லிக்கர் எனப்படும் கரைசலில் மரச்சில்லுகளை ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் வேகவைப்பார்கள். நார் கூழாக நிற்கும். லிக்னினும், சர்க்கரைகள் சிதைந்து உண்டான அமிலங்களும், சோடியமும் கந்தகமும் சோற்றிலிருந்து கஞ்சி வடிவதுபோல், ஆனால் கருப்பாக வடியும். ஒரு டன் கூழுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் திண்மம் இப்படி வருகிறது. அதை எரித்தால் கிலோவுக்குச் சுமார் 14 மெகாஜூல் வெப்பம்.

வடியும்போது திண்மம் 15 விழுக்காடுதான். தொடர் ஆவியாக்கிகளில் 70 முதல் 80 விழுக்காடு வரை வற்றவைத்து மீட்புக் கொதிகலனில் தெளித்து எரிக்கிறார்கள். நீராவியும் மின்சாரமும் கிடைக்கும். அடியில் உருகி வழியும் சோடியம் கார்பனேட்டையும் சல்ஃபைடையும் நீரில் கரைத்தால் பச்சைக் கரைசல். அதில் சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தால் மறுபடி வெள்ளைக் கரைசல். ஆலையின் வேதிப்பொருளும் எரிபொருளும் திரும்பி வரும் சுற்று இது. இதை எப்படிக் கழிவு என்பது? நீர் என்பதும் பிழைதான். திண்மம் 58 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அதைக் கொதிகலனுக்குள் விடவே கூடாது. அடியிலுள்ள உருகலில் நீர் பட்டால் வெடிக்கும்.

‘கழிவுதானே, முழுவதையும் எரிபொருளாக மாற்றலாம்’ என்று கட்டுரைகள் நீள்வதும் இந்தச் சொல்லால்தான். லிக்னினை எடுத்தால் கொதிகலன் இழக்கும் வெப்பத்துக்கு யார் பொறுப்பு? கூழ் உற்பத்தியைக் கூட்ட விடாமல் மீட்புக் கொதிகலனே தடையாக நிற்கும் ஆலைகளில் ஒரு பகுதியை மட்டும் பிரிப்பதுதான் பொருந்தும். ஸ்வீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறை அப்படிப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வணிக அளவுக்கு வந்தது. பாதி வற்றிய கரைசலில் கரியமில வாயுவைச் செலுத்தி பிஎச் அளவை 10 அளவுக்கு இறக்கினால் லிக்னின் திரளும். வடிகட்டிய கட்டியை உடனே நீரால் கழுவக் கூடாது. உப்புச் செறிவு குறைந்ததும் லிக்னின் மறுபடி கரைந்து வடிகட்டியை அடைத்துவிடும். கட்டியைக் கந்தக அமிலம் கலந்த நீரில் பிஎச் 2–3 வரும்வரை கலக்கி, மறுபடி வடிகட்டி, அதன் பிறகே கழுவ வேண்டும். அமிலம் சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அந்த நச்சு வாயுவைப் பிடித்தாக வேண்டும். அமிலத்தோடு உள்ளே வரும் கந்தகம், சுற்றில் சோடியத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள விகிதத்தைக் குலைக்கும். அதற்கு ஈடாகக் கொதிகலன் சாம்பலில் ஒரு பங்கை வெளியேற்றி, காஸ்டிக் சோடா சேர்க்கிறார்கள்.

சரியான சொல் எது? ‘சாறு’ என்றால் பிழிந்து எடுப்பது. வெள்ளை லிக்கரை யாரும் பிழிவதில்லை. ‘கருநீர்’ என்பது, வற்றித் தார்போல் ஆனதும் பொருந்தாது. கரைசல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, மூன்று நிறத்துக்கும் ஒத்துவருகிறது: வெண்கரைசல், பசுங்கரைசல், கருங்கரைசல். வற்றுவதற்கு முன் நீர்த்த கருங்கரைசல், பின் அடர் கருங்கரைசல். ‘பலவீனமான’, ‘வலுவான’ என்றெல்லாம் பெயர்க்க வேண்டியதில்லை.

கருங்கரைசல் என்ற பெயரை எல்லா ஆலைகளுக்கும் ஒட்டிவிடவும் கூடாது. நார்வேயில் போரெகார்ட் நிறுவனம் வனிலா மணம் தரும் வனிலினை எடுப்பது சல்ஃபைட் என்ற வேறொரு கூழ் முறையின் பழுப்புக் கரைசலிலிருந்து. அதிலுள்ளது நீரில் கரையும் லிக்னோசல்ஃபோனேட். கரியமில வாயுவுக்குத் திரளாது.

டால் ஆயில் என்பதற்கு ‘உயரமான எண்ணெய்’ என்று ஒன்றும் உலவுகிறது. டால் என்பது ஸ்வீடிஷ் மொழியில் பைன் மரம். பைன் மரக் கருங்கரைசல் வற்றும்போது மேலே மிதக்கும் சவக்காரத்தை வழித்தெடுத்து, அமிலமிட்டால் வருவது டால் எண்ணெய். பின்லாந்தின் லாப்பேன்ரான்டாவில் 2015 முதல் டீசலாக மாறுவது இதுதான். இதைப் ‘பைன் எண்ணெய்’ என்றும் எழுத வேண்டாம். அந்தப் பெயரில் தரை துடைக்கும் வாசனைத் தைலம் ஒன்று ஏற்கெனவே கடைகளில் இருக்கிறது.