பைக் பிரேக் லைட்: விதி என்ன கேட்கிறது, கோளாறை நாமே கண்டுபிடிப்பது எப்படி

பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்பது வண்டி ஓட்டுகிறவருக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். ஹெட்லைட் போனால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். ஹாரன் போனால் முதல் வளைவிலேயே தெரியும். பிரேக் லைட் மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். செக்கிங்கில் யாராவது கேட்டாலோ, பின்னால் ஒரு வண்டி வந்து இடித்தாலோதான் விஷயம் வெளியே வருகிறது.

குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை, மூணாறு பக்கம் பைக் ஓட்டுகிற நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கும், போடிமெட்டிலிருந்து முந்தலுக்கும் இறங்குகிற பாதையில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தே ஆக வேண்டும். சாயங்காலம் ஏலத்தோட்ட வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அதே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால், முன்னே போகிற வண்டியின் சிவப்பு விளக்குதான் பின்னால் வருகிறவருக்கு வழிகாட்டி. மங்கலாக எரிகிற டெய்ல் லைட் சட்டென்று பிரகாசமாவதை வைத்துத்தான் முன்னால் உள்ளவர் வேகத்தைக் குறைக்கிறார் என்று ஜீப் டிரைவர் புரிந்துகொள்கிறார். அது பிரகாசமாகவில்லை என்றால், அவர் வந்த வேகத்திலேயே வந்துகொண்டிருப்பார்.

விதி என்ன சொல்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆவது பிரிவு, வண்டி ஓட்டுகிறவர் உரிய நேரத்தில் சைகை காட்ட வேண்டும் என்கிறது. திரும்பப் போகிறோம், நிறுத்தப் போகிறோம் என்பதைக் கையால் காட்டுவதற்குப் பதிலாக, விதிப்படி அமைந்த மின்விளக்கால் காட்டலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, பிரேக் லைட் சட்டப்படி நம் கைக்குப் பதிலாக நிற்கிறது. அந்த விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 102-ஆவது விதி சொல்கிறது: வண்டியின் பின்பக்கம் இருக்க வேண்டும், சிவப்பாக எரிய வேண்டும், பிரேக்கை இயக்கியதும் எரிய வேண்டும்.

பைக்கில் பிரேக் இரண்டு. வலது கைப்பிடியில் முன் பிரேக், கால் மிதியில் பின் பிரேக். எதைப் பிடித்தாலும் லைட் எரிய வேண்டும் என்பதற்காகவே இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்து வண்டிகள் வருகின்றன. மிகப் பழைய சில மாடல்களில் முன்பக்கச் சுவிட்ச் இருக்காது. உங்கள் வண்டி அப்படிப்பட்டதா என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அபராதம் இரண்டு பிரிவுகளில் வரலாம். 177 பொதுவான பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவையிலிருந்து 1,500 ரூபாய் வரை. இன்னொன்று 190-ஆவது பிரிவு, ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டுவது பற்றியது. அதன் முதல் உட்பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே.

இந்த 190-ஆவது பிரிவில் ஒரு வாசகத்தை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். தெரிந்தே கோளாறுள்ள வண்டியை ஓட்டினால் மட்டும் குற்றம் என்று அது நிற்கவில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறும் அதில் அடங்கும். ‘எனக்குத் தெரியாது சார்’ என்பது அங்கே பதிலாகாது. பிரேக் லைட்டைப் பொறுத்தவரை இது நியாயமான விதி என்றே நான் நினைக்கிறேன். அதைச் சரிபார்க்கக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம், அரை நிமிடம் போதும்.

விபத்து இழப்பீட்டிலும் இது வந்து நிற்கும். பின்னால் வந்து இடித்தவர்மேல்தான் தவறு என்று நாம் நினைத்திருப்போம். பிரேக் லைட் எரியாததும் ஒரு காரணம் என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தால், நம் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கலாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தேனிப் பக்கம் பதிவான டி.என்.-60 வண்டியைக் கேரளத்தில் ஓட்டினால் விதி மாறுமா என்று பலரும் கேட்கிறார்கள். மாறாது. இவை மத்திய விதிகள். தமிழ்நாட்டுக் கம்பத்திலும் கேரளத்துக் குமுளியிலும் ஒன்றுதான். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்கச் செல்லும் என்று 46-ஆவது பிரிவு சொல்கிறது. மாறுவது ஸ்பாட்டில் கட்டும் தொகை. நீதிமன்றத்துக்குப் போகாமல் சமரசமாகக் கட்டித் தீர்க்கும் தொகையை 200-ஆவது பிரிவின்படி அந்தந்த மாநில அரசு அறிவிக்கிறது. அதனால் ஒரே குற்றத்துக்கு எல்லையின் இரு பக்கமும் வேறு வேறு தொகை கேட்கப்படலாம். தவறு நடந்த இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்தின் தொகைதான் பொருந்தும்.

தோட்டத்து லயத்தில் குடியிருந்துகொண்டு வருடக்கணக்காகத் தமிழ்நாட்டு நம்பரிலேயே ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும்: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு.

அரை நிமிடச் சோதனை

சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் வண்டியைப் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்துங்கள். சாவியைப் போடுங்கள், இன்ஜின் வேண்டாம். முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சுவரில் சிவப்பு கூடுகிறதா பாருங்கள். விடுங்கள், அணைய வேண்டும். பிறகு கால் பிரேக்கை மட்டும் மிதித்து அதேபோலப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் சோதனையே வீண். ஒரு சுவிட்ச் செத்திருந்தாலும் இன்னொன்று விளக்கை எரியவைத்துவிடும், கோளாறு மறைந்துபோகும். பேட்டரி இல்லாத பழைய மொபெட்களில் மட்டும் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, என்ன நடக்கிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மின்சாரம் போகிற வழி எளியது: பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், அதன்பின் இரண்டு பிரேக் சுவிட்சுகள், அங்கிருந்து ஒரே வயராகப் பல்பு, கடைசியில் எர்த். இரண்டு சுவிட்சுகளும் தனித்தனி வழியாக இருப்பதால் ஒன்று போனால் மற்றது வேலை செய்யும்.

ஒரு பிரேக்கில் எரிந்து இன்னொன்றில் எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். எரியாத பக்கத்துச் சுவிட்சையும் அதன் வயரையும் மட்டும் பாருங்கள். நம் மலைப்பக்கம் அதிகம் கெடுவது இதுதான் என்பது என் அனுபவம். கால் பிரேக் சுவிட்ச் மிதிக்குப் பக்கத்தில், சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்பிரிங் அதை மிதியோடு இணைக்கிறது. ஸ்பிரிங் கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் போய்ச் சுவிட்சே இறுகியிருக்கலாம். முன் பிரேக் சுவிட்ச் கைப்பிடி லீவருக்கு அடியில் இருக்கும். அதன் சின்னக் குமிழ் தூசியிலும் ஈரத்திலும் ஒட்டிக்கொள்ளும். கான்டாக்ட் கிளீனர் அடித்து லீவரைப் பலமுறை இழுத்து விட்டாலே சிலநேரம் சரியாகிவிடும்.

சுவிட்ச்தான் கெட்டிருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களின் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். லைட் எரிந்தால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான். எரியவில்லை என்றால் கோளாறு வயரிலோ கனெக்டரிலோ இருக்கிறது. இணைக்கும்போது அந்த வயர் சேஸியில் படக் கூடாது. பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

இரண்டு பிரேக்கிலும் எரியவில்லை, ஆனால் டெய்ல் லைட் எரிகிறது என்றால் முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். பல பைக்குகளில் 12 வோல்ட், 21/5 வாட் பல்பு இருக்கும். உள்ளே இரண்டு இழைகள்: 5 வாட் இழை டெய்ல் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும் என்பதால், ‘பல்பு எரியுதே’ என்று ஏமாந்துவிடக் கூடாது. பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். யாராவது அழுத்தித் திருகி மாற்றிப் போட்டிருந்தால் எப்போதும் பிரகாசமாக எரியும், பிரேக் பிடித்தால் வித்தியாசமே தெரியாது. பல்பு நன்றாக இருந்தால் ஹோல்டருக்குள் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் சுரண்டித் துடையுங்கள்.

ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் சேர்ந்து போயிருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். போன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தகடு, செம்புக் கம்பி என்று சுற்றிவிடுகிற பழக்கம் தயவுசெய்து வேண்டாம். வயரிங் முழுவதும் எரிந்துபோகும்.

பிரேக் பிடித்ததும் டெய்ல் லைட் மங்குகிறது, இண்டிகேட்டரும் சேர்ந்து துடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை. பின் மட்கார்டுக்கு அடியில் எர்த் வயர் போல்ட்டில் பிடித்திருக்கும் இடத்தில் துரு இருக்கும். சுரண்டி இறுக்கினால் போதும். மாதத்துக்கு ஒரு பல்பு போகிறது என்றால் அது பல்பின் குற்றமாக இருக்காது. ரெகுலேட்டர் கெட்டு வோல்ட்டேஜ் கூடுகிறதா என்று மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்.இ.டி. விளக்கு உள்ள புது வண்டிகளில் பல்பு தனியாக வராது. சுவிட்சும் வயரும் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் யூனிட்டையே மாற்ற வேண்டியிருக்கும். வாரண்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பிரேக் லைட்டை நான் எரியாததைவிட மோசம் என்பேன். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுவார், நாம் நிஜமாகவே நிறுத்தும்போது அவருக்குச் செய்தியே போகாது. பின் பிரேக்கை டைட் வைத்தபின் இது அடிக்கடி நடக்கிறது. மிதியின் உயரம் மாறினால் சுவிட்சையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். சுவிட்சின் உடம்பைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பினால் சுவிட்ச் ஏறும், இறங்கும். மிதியை லேசாக அழுத்தியதும், பிரேக் பிடிக்கத் தொடங்குகிற நேரத்தில் லைட் எரிகிற மாதிரி வையுங்கள்.

வழியில் போய்விட்டால் கைச்சைகை காட்டலாம்: வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் பைக்கில் அந்தக் கைதான் முன் பிரேக்கையும் பிடிக்கிறது. மலை இறக்கத்தில் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். மெதுவாக ஓரம் ஒதுங்கி, அருகில் உள்ள கடைவரை மட்டும் ஓட்டுங்கள்.

கடையில் விற்கிற சிமிட்டும் பிரேக் லைட், நீல எல்.இ.டி., விளக்கின் மேல் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இல்லையென்றால் இரண்டுமோ விதிக்கலாம்.

செலான் வந்தால்

நிறுத்திக் கேட்டால் ஆவணங்களை மொபைலில் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டலாம். மத்திய மோட்டார் வாகன விதி 139 அதை ஏற்கிறது. பதிவு இல்லாமலோ உரிமம் இல்லாமலோ ஓட்டும் வண்டிகளைப் பிடித்து வைப்பதற்குத்தான் 207-ஆவது பிரிவு, ஆர்.சி.யும் லைசென்சும் சரியாக இருந்தால் பிரேக் லைட் ஒன்றுக்காக அந்தப் பிரிவில் வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. இ-செலான் வந்தால் பரிவாகனின் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் போட்ட செலான் அங்கே வரும், ஆன்லைனிலேயே கட்டலாம். தவறு நம்முடையது இல்லை என்று தோன்றினால் அதை எதிர்த்து முறையிடவும் உரிமை உண்டு.

எல்லைப் பகுதியில் செகண்ட் ஹேண்ட் வண்டிகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன, பெயர் மாற்றம்தான் நடப்பதில்லை. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. விற்றவரும் தகவல் தர வேண்டும்: அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள், வெளி மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள். இதைச் செய்யாவிட்டால் செலான் கம்பத்தில் இருக்கும் பழைய உரிமையாளரின் போனுக்குப் போகும், அபராதமும் அவர் பேரிலேயே நிற்கும். ஆகவே பெயரை மாற்றும்போதே உங்கள் மொபைல் நம்பரையும் பரிவாகனில் பதிந்துவிடுங்கள்.