கொழுந்துக் காசு யார் கைக்கு?

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் எடை போடும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் கொழுந்து மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு, எத்தனை கிலோ எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கிலோதான் கூலியாகி வீட்டுக்குப் போகிறது. அதை மனைவி வாங்கினால் என்ன, கணவன் வாங்கினால் என்ன? பிள்ளைகள் படிப்புக்கு எல்லாம் ஒரே காசுதானே?

பொருளியலாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்: ஒரு வீடு, ஒரு பணப்பை. ஏற்றத்தாழ்வை அளக்கும் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் வீட்டு வாசலோடு நின்றுவிடும். உள்ளே யாருக்கு எவ்வளவு என்று கேட்பதில்லை.

இதைச் சோதிப்பது எளிதல்ல. அம்மா சம்பாதிக்கும் வீட்டில் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெண் வேலைக்குப் போவதை ஏற்கும் குடும்பம், மகளைப் பள்ளிக்கு அனுப்பும் மனமும் முன்பே கொண்டிருக்கலாம். அந்தப் படிப்பைத் தந்தது காசா, மனமா? இரண்டையும் பிரிக்க, குடும்பம் கேட்காமலேயே வெளியிலிருந்து வந்து பெண்ணின் வருமானத்தைக் கூட்டிய ஒரு மாற்றம் வேண்டும்.

நான்சி சியான் என்ற பொருளியலாளர் அதைச் சீனத்தில் கண்டார், அதுவும் தேயிலையில். 1970களின் இறுதியில் தொடங்கிய வேளாண் சீர்திருத்தத்தால் தேயிலை, பழம் போன்ற பணப்பயிர்களின் வருமானம் உயர்ந்தது. தேயிலைச் செடி குட்டை, கொழுந்து மென்மை. பறிப்பதில் பெண்களே முன்னணி. பழத்தோட்ட வேலைக்கு உயரமும் பலமும் வேண்டும், அதில் ஆண்கள். ஆக, ஒரே சீர்திருத்தம் ஓரிடத்தில் பெண் வருமானத்தையும் மற்றோரிடத்தில் ஆண் வருமானத்தையும் ஏற்றியது.

சீர்திருத்தத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும் பின் பிறந்தவர்களுக்கும் தேயிலை வட்டங்களில் எவ்வளவு வித்தியாசம், தேயிலை இல்லாத வட்டங்களில் எவ்வளவு என்று பார்த்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தார். நாடு முழுக்க வந்த மாற்றங்கள் இரு பக்கமும் இருப்பதால் கழிந்துவிடும். மிச்சம் தேயிலையின் பங்கு.

அப்போதும் ஒரு சந்தேகம் நிற்கும். மகள்மீது அக்கறையுள்ள ஊர்களே தேயிலையைத் தேர்ந்தெடுத்திருந்தால்? இதற்கு அவர் நாடியது நிலத்தின் சரிவை. தேயிலை சரிவில் நன்றாக வரும். நிலமோ யாருடைய விருப்பத்தையும் கேட்டுச் சரிவதில்லை. மலையில் வாழும் எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

2008இல் வெளியான முடிவு: குடும்ப வருமானத்தில் 10 சதவீதம் அளவுக்குப் பெண்ணின் வருமானம் கூடியபோது, உயிர் பிழைத்த குழந்தைகளில் பெண்களின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தது. மகன், மகள் இருவர் படிப்பும் சுமார் அரை ஆண்டு நீண்டது. ஆண் வருமானம் மட்டும் ஏறியபோதோ மகள்களின் படிப்பு குறைந்தது. மகன்களின் படிப்பில் மாற்றமே இல்லை. இந்தக் கடைசி வரியை நான் பலமுறை திரும்பப் படித்தேன்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. நான்சி லூக், கைவன் முன்ஷி இருவரும் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வில், ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களில் பெண்ணின் வருமானம் கூடியபோது பிள்ளைகளின் படிப்பும் கூடியது.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே போவதை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். தொகை எவ்வளவு என்பதோடு, யார் பெயரில் வருகிறது என்பதும் திட்டத்தின் ஒரு பாகம்.

நீலகிரியில் எனக்கு ஒரு கவலை உண்டு. எஸ்டேட்டில் பறிக்கும் பெண்ணுக்கு அவள் பெயரில் கூலி விழும். சொந்தமாக ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பல வீடுகளில் கொழுந்து பறிப்பது மனைவி, பட்டா கணவன் பெயரில். ஃபேக்டரி தரும் இலைப் பணமும் அந்தப் பெயருக்கே போகிறது.