கிணற்று மோட்டாரும் கடலடி மூச்சும்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மேட்டில் இல்லை. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில், கல் கட்டிய மேடையில் உட்கார்ந்திருக்கும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்குவார்கள். "இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காது கண்ணு" என்பார் அப்புச்சி. கொங்கு நாட்டில் கிணறு வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குக் குடும்பத்தோடு போனபோது, ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முக்குளிப்பது) பயிற்சியாளர் எடுத்த எடுப்பில் சொன்னது இது: "ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்." எனக்கு உடனே அந்தக் கல் மேடைதான் ஞாபகம் வந்தது.

மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் வெளிக்காற்று, தன் எடையால் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றின் பலம் முழுக்கச் சேர்ந்தாலும் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். குழாய் உராய்வு போன்ற இழப்புகள் போக நடைமுறையில் மிஞ்சுவதுதான் அப்புச்சியின் இருபத்தைந்து அடி. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: தலைக்கு மேல் 10 மீட்டர் தண்ணீர் நின்றால், முழு வானத்துக் காற்றும் இன்னொரு முறை மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி. தரையில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று.

உடம்பின் சதையும் ரத்தமும் பெரும்பாலும் நீர்தான்; இந்த அழுத்தத்துக்கு அவை சுருங்காது. பாதிக்கப்படுவது காற்று இருக்கும் இடங்கள்: காது, மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்துகள், நுரையீரல்.

சின்ன வயதில் பப்பாளி இலைத் தண்டை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குள் முங்கிப் பார்த்திருப்பீர்கள். தலை மட்டும் மூழ்கினால் மூச்சு வரும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் வராது. தண்டு அடைத்துக்கொண்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூன்றடி ஆழத்தில் மார்பின் மேல் ஓர் சதுர அடிக்கு எண்பது கிலோவுக்கு மேல் தண்ணீர் அமுக்கும். தண்டு வழியாக வருவதோ மேலே இருக்கும் சாதாரணக் காற்று. அவ்வளவு பாரத்தைத் தூக்கி நெஞ்சை விரிக்க மூச்சுத் தசைகளுக்குத் தெம்பு பத்தாது.

அப்படியானால், சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு அமுக்குகிறதோ, காற்றும் அதே அழுத்தத்தில் வாய்க்கு வந்து சேர வேண்டும். ஸ்கூபாவின் நுட்பம் முழுவதும் இதுதான். முதுகில் இருக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பொதுவாக இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், 200 பார் அளவுக்கு அமுக்கி அடைத்தது (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). சிலிண்டர் வாயில் இருக்கும் முதல் வால்வு அந்த அழுத்தத்தை, நம்மைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைத்துவிடும். வாயில் கவ்வும் இரண்டாவது பகுதியில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் கடல், உள்பக்கம் நம் மூச்சு. மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும், இரண்டு பக்கமும் சமமானதும் தானே மூடிக்கொள்ளும். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் இதை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் வாயுவால் ஓடிய எஞ்சின்களுக்காகக் காஞ்ஞான் செய்திருந்த வால்வுதான் இதற்கு அடிப்படை. பம்பும் வால்வும் செய்தே பெயர் எடுத்த கோயம்புத்தூர்க்காரர்கள் இதைக் கழற்றிப் பார்த்தால் ரொம்பவே ரசிப்பார்கள்.

இங்கேதான் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவது நமக்கு ஊறிப்போன பழக்கம். கிணற்றில் அதனால் நுரையீரலுக்குச் சேதம் வராது. மேலே இழுத்த காற்று கீழே போகப்போகச் சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். மூச்சு நிறைந்திருக்கும்போது நாலடி ஏற்றமே போதும். எங்கள் பெண் ஆறு வயதிலிருந்து கிணற்றில் குதித்தவள். அவளுக்குப் பயம் இல்லை, அதுதான் எனக்குப் பயம். பயிற்சியாளர் அவளை இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார வைத்து, விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதை மட்டும் அரை மணி நேரம் பழக்கினார்.

காது விஷயம் நமக்குப் புதிதல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அடைக்கும் அதே காதுதான். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதுக்குள் காற்றைச் சேர்க்க வேண்டும், வலி வருவதற்கு முன்பே.

கடைசியாக நைட்ரஜன். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது அது ரத்தத்திலும் சதையிலும் கூடுதலாகக் கரைகிறது. கோலி சோடாவை உடைத்ததும் குபுகுபுவென்று நுரை வருமே, வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் அதுதான் நடக்கும்: மூட்டு வலி, மோசமானால் பக்கவாதம்கூட. அதனால்தான் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள்.

கரைக்கு வந்த பிறகும் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். விமானத்துக்குள் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கிற அளவுக்குத்தான் காற்றழுத்தம் இருக்கும். ஒரே முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் முக்குளித்தால் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். நாங்கள் முக்குளிப்பை இரண்டாம் நாளே முடித்துக்கொண்டு, கடைசி நாளைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்கினோம். விமானம் ஏறாதவர்களுக்கும் இது பொருந்தும். ஊட்டியின் உயரம் 7,350 அடி. புதுச்சேரியில் காலையில் ஸ்கூபா முடித்துவிட்டு நேராக ஊட்டிக்குக் காரை விடுகிறவர்கள், அன்று ராத்திரி மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிடுங்கள்.