சூப்பர்ஃபுட்: மீயுணவா, மீதூணா?

ஆச்சி மகன் காரைக்குடியில் கவுனி என்னும் கருநிற அரிசியை அரைக்கிலோப் பொட்டலமாகக் கட்டி விற்கிறான். (ஆச்சி என்றால் எங்கள் பக்கம் அக்கா. வெளியூர்க்காரர்கள் பாட்டி என்று நினைத்துக்கொண்டு வயதை ஏற்றிவிடுகிறார்கள்.) தை மாதம் ஒருநாள் போன் செய்தான். "அம்மான், லேபிள் எல்லாம் தமிழ்லயே போடலாம்னு இருக்கேன். சூப்பர்ஃபுட்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒண்ணு சொல்லுங்க." ஒரு சொல்தானே, ஐந்து நிமிடத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வாரம் ஆயிற்று.

சொல்லைப் பிரித்தால் சூப்பர், ஃபுட். சூப்பர் என்பது இலத்தீன் முன்னொட்டு. மேல், மேற்பட்ட, கடந்த என்று பொருள். சூப்பர்சோனிக் என்றால் ஒலியின் வேகத்தைக் கடந்தது. அந்தக் கணக்கில் சூப்பர்ஃபுட் என்பது மற்ற உணவுகளுக்கெல்லாம் மேற்பட்ட ஓர் உணவு. தமிழுக்கு வந்த சூப்பரோ முன்னொட்டு வேலையை விட்டுவிட்டுத் தனியாளாகப் பாராட்டப் போய்விட்டது. "குழம்பு சூப்பர்" என்கிறோம், "சூப்பரா இருக்கியே" என்கிறோம். அதனால் சூப்பர்ஃபுட் என்று ஒருவர் சொன்னால் நம் காதில் பாதி "பிரமாதமான சாப்பாடு" என்றும் பாதி "டாக்டர் சொன்னது" என்றும் விழுகிறது. விற்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆங்கில அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லின் பதிவை 1915 வரை கொண்டுபோகிறார்கள். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு நமக்கு நன்கு தெரிந்த ஒரு பழத்துக்கு உண்டு: வாழைப்பழம். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கு வாழைப்பழம் இறக்குமதி செய்த யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி, பழத்தின் சத்துகளைப் புகழ்ந்து சிறு நூல்களும் விளம்பரங்களும் வெளியிட்டது. நம் ஊரில் தார் தாராய்த் தொங்குகிற பண்டம் அங்கே அற்புத உணவாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் சுவையான கதை. 1924-ல் சிட்னி ஹாஸ் என்ற நியூயார்க் குழந்தை மருத்துவர், சீலியாக் என்னும் குடல்நோயால் மெலிந்துபோன குழந்தைகளை வாழைப்பழ உணவுமுறையால் தேற்றியதாக எழுதினார். குழந்தைகள் உண்மையிலேயே தேறினார்கள், பொய்யில்லை. பழத்தின் புகழ் எங்கேயோ போய்விட்டது. ஆனால் அந்த உணவுமுறையில் ரொட்டி, பிஸ்கட், தானியம் எல்லாம் தடை. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. அப்போதும் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறுவதைப் பார்த்த வில்லெம் டிக்கே என்ற மருத்துவர், நோயைத் தூண்டுவது கோதுமைதான் என்று நிறுவினார். ஆக, குணப்படுத்தியது தட்டில் வந்த வாழைப்பழம் அல்ல, தட்டைவிட்டுப் போன கோதுமை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வந்ததால் கிடைத்த பலனை, வந்ததன் பெயரில் எழுதிவிட்டார்கள். இந்தப் 'பதிலாக' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்ஃபுட்டுக்கு ஊட்டச்சத்து அறிவியலில் வரையறை கிடையாது. இத்தனை கிராம் நார்ச்சத்து இருந்தால் சூப்பர், அதற்குக் கீழே சாதா என்று யாரும் கோடு போடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூலையிலிருந்து, அனுமதிக்கப்பட்ட நலக்கூற்று ஒன்று துணைக்கு இல்லாமல் இந்தச் சொல்லைப் பொட்டலத்தில் போடக்கூடாது என்று வைத்துவிட்டது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கும் கூற்றுகளுக்கும் என்று 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. அதன்படி 'நார்ச்சத்து நிறைந்தது' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் 6 கிராமாவது நார்ச்சத்து இருக்க வேண்டும். 'சர்க்கரை அற்றது' என்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதற்கோ 1954-லேயே தடை வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'மந்திரத் தீர்வுகள்' என்று இருக்கிறது. பெயர் வைத்தவர் ஊர் உலகம் தெரிந்தவர். அளவு சொல்லும் சொல்லுக்குக் கடிவாளம் உண்டு, அளவே சொல்லாத சூப்பருக்கு எதைக்கொண்டு கடிவாளம் போடுவது?

நலக்கூற்று என்றேன். ஹெல்த் கிளைம் என்பதற்குத்தான் அந்தச் சொல். சில இடங்களில் 'சுகாதார உரிமைகோரல்' என்று பார்க்கிறேன். பொட்டலம் என்னவோ நிலத்துக்குப் பட்டா கேட்டு வழக்குப் போட்டதுபோல இருக்கிறது. கூற்று போதும். கூற்று என்றால் எமன் என்றும் ஒரு பொருள் உண்டே என்று யாராவது கேட்டால், சில பொட்டலங்களுக்கு அதுவும் பொருத்தம்தான்.

சரி, கவுனிக்கு வருவோம்.

பர்மிய மொழியில் ஒட்டும் அரிசிக்குக் கௌக்ஞின் என்று பெயர். நகரத்தார் இரங்கூனிலும் ஐராவதி டெல்டாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் அரிசியோடு பெயரும் கப்பலேறி வந்து, செட்டிநாட்டு நாக்கில் கவுனியாக உருண்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒலியும் ஒத்துவருகிறது, அரிசியும் அதே கருநிற ஒட்டரிசிதான். சென்னை யானைக்கவுனியின் கவுனி வேறு, அது வாசல். இப்போது பொட்டலங்களில் 'மன்னர்கள் மட்டுமே உண்ட அரிசி' என்று போடுகிறார்களே, அது சீனத்துக் கறுப்பரிசிக்குச் சொல்லும் கதை. இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதை மன்னர் யாரும் சாப்பிட்டதில்லை. கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் அப்பத்தா கிண்டுவார், நாங்கள் சாப்பிடுவோம்.

முதல்நாள் இரவே ஊறப்போட்டுவிட வேண்டும். காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் நாவல்பழம் கசக்கிய மாதிரி கருநீலமாக நிற்கும். அதைக் கீழே கொட்டினால் வசவு கிடைக்கும். அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். குழைய வெந்ததும் மத்தால் லேசாக மசித்து, சூடு ஆறுவதற்குள் சீனியைக் கொட்டினால் இறுகியிருந்தது இளகும். பிறகு தேங்காய்த்துருவல், ஏலக்காய், நெய். விரலில் ஒட்டினால் கழுவிய பிறகும் நகக்கண்ணில் ஊதா தங்கியிருக்கும். அந்த ஊதாவுக்குப் பெயர் அந்தோசயனின். அரிசியின் தவிட்டுத்தோலில் இருக்கிறது, நாவல்பழத்திலும் இருக்கிறது. தீட்டாத அரிசி என்பதால் நார்ச்சத்தும் வெள்ளை அரிசியைவிடக் கூடுதல். இவை உண்மை. எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்து என்பதும் உண்மை, அது எந்த நிற அரிசியானாலும் அப்படித்தான். லேபிளில் முதல் உண்மைக்குத்தான் பெரிய எழுத்து.

அப்பத்தா காலத்தில் கல்யாண இலையில் கவுனிக்கு இடம் ஒரு கரண்டி. "கனமான பண்டம், ரெண்டாங் கரண்டி கேக்காதே" என்பார். சூப்பர் என்ற சொல் வந்த பிறகு ஆச்சி வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? ஆச்சிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சுகருக்குக் கவுனி நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து தினமும் காலையில் ஒரு கிண்ணம். சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையாம், அதனால் இரண்டு கரண்டி கூடுதலாகப் போடலாமாம். அதற்கு மேல் வழக்கமான நாலு இட்லி. மதியம் சாதம் வழக்கம்போல. "ஆச்சி, இது இட்லிக்குப் பதிலா?" என்று கேட்டேன். "இட்லி பசிக்குத் தம்பி, இது உடம்புக்கு" என்றார். மாலையில் காபியோடு கவுனி முறுக்கு. அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். முகப்பில் பெரிய எழுத்தில் கவுனி. பின்னால், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், பச்சரிசி மாவு, பாமாயில், கடலை மாவு, அதற்கு அப்புறம் கவுனி மாவு 7%. சேர்மானங்களை எடை இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்று விதி இருப்பதால் இவ்வளவாவது தெரிந்தது. அடுத்த முறை பரிசோதனையில் ஆச்சியின் அளவு ஏறியிருந்தது. டாக்டரிடம், "எல்லாம் சத்தானதுதான் சாப்பிடுறேன், எப்படி ஏறும்?" என்று கேட்டாராம்.

ஆச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லுக்கு வயிற்றையே ஏமாற்றும் சக்தி இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் அலியா க்ரம்மும் கூட்டாளிகளும் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மில்க்‌ஷேக், 380 கலோரி. ஒருமுறை கொழுப்பில்லாத 140 கலோரிப் பானம் என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தார்கள், இன்னொருமுறை 620 கலோரி ஆடம்பரப் பானம் என்று. குடித்தவர்களின் இரத்தத்தில் கிரெலின் என்னும் பசி இயக்குநீரை அளந்தார்கள். ஆடம்பரம் என்று நம்பிக் குடித்தபோது அது நன்றாக இறங்கியது. அடக்கமான பானம் என்று நம்பியபோது அந்த இறக்கம் இல்லை. நல்லது, லேசானது என்று எழுதியதைப் படித்துவிட்டுச் சாப்பிட்டால் பசி முழுதாக அடங்குவதில்லை போலும். அதன்மேல் நாலு இட்லி வைக்க இடமிருக்காதா?

இந்த இடத்தில்தான் சொல் கிடைத்தது. சூப்பருக்கு நேரான தமிழ் மீ. பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு போட்டவர்களுக்குத் தெரியும். கப்பலை நடத்துபவன் மீகாமன். ஒலியைக் கடந்தது மீயொலி. அப்படியானால் சூப்பர்ஃபுட் மீயுணவு. பொருத்தமாக இருக்கிறதே என்று எழுதிவைத்துவிட்டு அதே வார்ப்பில் பழைய சொல் ஏதும் உண்டா என்று தேடினால், ஒளவையார் ஏற்கெனவே வைத்திருக்கிறார். மீது, ஊண்: மீதூண். அளவுக்கு மேல் உண்பது என்று பொருள். "மீதூண் விரும்பேல்" என்கிறது ஆத்திசூடி. அதற்கு முந்தைய அடி "மிகைபடச் சொல்லேல்". மி, மீ என்ற அகரவரிசைதான் இவற்றைப் பக்கத்தில் உட்காரவைத்தது என்பது தெரியும். ஆனாலும் மிகைபடச் சொன்னால் மீதூண் வரும் என்று காரணகாரியமாகவே படிக்கத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் உணவின் தரத்துக்கு மேல் என்று போகிற அதே மேல், தமிழில் உண்பவனின் அளவுக்கு மேல் என்று போயிருக்கிறது. ஆச்சியின் கிண்ணத்தில் இரண்டு மேலும் சேர்ந்துவிட்டன. இட்லிக்குப் பதிலாக வராமல் இட்லிக்கு மேலாக வந்தது கவுனி.

மற்றச் சொற்களையும் பார்த்தேன். சத்துணவு என்றால் 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய பள்ளிச் சாப்பாடு; அதை எடுக்க முடியாது. செறிவுணவு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரேஷன் கடையில் செறிவூட்டிய அரிசி என்று இரும்புச்சத்து சேர்த்த அரிசியைத் தருகிறார்கள், குழப்பம். அதிசய உணவு, அற்புத உணவு எல்லாம் மந்திரத் தீர்வுச் சட்டத்துக்கு விருந்து. எனவே ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தே ஆக வேண்டிய கட்டுரைக்கும் செய்திக்கும் மீயுணவு என்பேன். பக்கத்தில் மீதூண் நிழலாடினால் நல்லதுதான். பொட்டலத்துக்கு அதுவும் வேண்டாம். என்ன சத்து, எத்தனை கிராம் என்று எழுதினால் போதும்.

இதைத்தான் மருமகனுக்கும் எழுதினேன். 'கவுனி அரிசி. தவிடு நீக்காதது. இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவிடவும். வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக.' கடைசி வரியை வைத்துக் கொஞ்சம் முணுமுணுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான். போன வாரம் புதுப் பொட்டலம் ஒன்று பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தான். நான் சொன்ன நாலு வரியும் அப்படியே இருந்தன. வலது மூலையில் பச்சைநிற வட்ட ஸ்டிக்கர்: சூப்பர்ஃபுட்.

போன் செய்தேன்.

"பழைய ஸ்டிக்கர் ரெண்டாயிரம் மிச்சம் கெடக்கு அம்மான். தீந்ததும் எடுத்துர்றேன்."