பனிச்சறுக்கு: ராத்திரி எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள்?

ஜனவரி பிறந்தால் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பனிச்சறுக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எந்த ஊர் என்று முடிவு செய்ய, கட்டணத்தையும் படங்களையும்தான் ஒப்பிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ராத்திரி படுக்கும் ஊரின் உயரம்.

பெங்களூரு சுமார் 920 மீட்டர். காலையில் விமானம் ஏறி ஸ்ரீநகரில் இறங்கி, அன்றே பனிச்சறுக்கு ஊரான குல்மர்க் போனால் படுப்பது 2,650 மீட்டரில். மறுநாளே கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் 3,900-ஐத் தாண்டிவிடும். தலைவலியும் குமட்டலும் வருவதற்கு இந்த அவசரமே காரணம். ஸ்ரீநகரில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலியோடு நடை தள்ளாடினால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜில் ஊரே 2,900 மீட்டருக்கு மேல். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் லிஃப்ட் 3,883 மீட்டர் வரை போனாலும், படுக்கை 1,600-இல்தான்; உடல் தேறிக்கொள்ளும். ஜப்பானின் நிசெக்கோவில் உச்சியே 1,308 மீட்டர் என்பதால் உயரத் தொல்லை இல்லை. அங்கே பயப்பட வேண்டியது மரத்தடிகளுக்கு. கிளைகளின் கீழே பனி இறுகாமல் குழியாக நிற்கும்; தலைகுப்புற விழுந்தவர் தானாக எழ முடியாமல் மூச்சடைத்துப் போவார். மரங்களுக்குள் தனியாகப் போகவே கூடாது.

தடங்களின் நிறமும் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பாவில் நீலம் சுலபமான தடம், அமெரிக்காவில் நீலச் சதுரம் நடுத்தரம். குல்மர்க்கின் மேல்சரிவுகளோ சீர்செய்த தடங்களே அல்ல. 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். புதியவர்களுக்குக் கீழ்ச்சரிவே போதும்.

எங்கே போனாலும் அதிகம் அடிபடுவது முழங்கால். வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, அனுபவம் கேட்டுத்தான் காலணியை ஸ்கீ எனும் சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை வைப்பார்கள். கூச்சப்பட்டு ‘நன்றாகத் தெரியும்’ என்று சொன்னால் இறுக்கம் கூடும். விழும்போது ஸ்கீ கழலாமல் கால் முறுக்கிக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் காலணியின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சரியாகப் பூட்டாது. காலுறை மெல்லியதாக ஒரே ஜோடி; இரண்டு போட்டால் பாதம் உள்ளே வழுக்கும். இத்தனை செய்தாலும் முழங்காலுக்குள் எலும்புகளை இணைக்கும் தசைநாரான ஏசிஎல்லை பைண்டிங் முழுதாகக் காப்பாற்றாது. பின்னால் சாய்ந்து குந்தியபடி விழும்போது அது அறுந்துவிடக்கூடும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் விழுங்கள். சறுக்கல் நிற்கும்வரை எழ முயலாதீர்கள்.

கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத்தசையைச் சறுக்கலுக்குத் தயார் செய்கிறது.

விழும்போது முழங்காலில் ‘பட்’டென்ற சத்தமும், சில மணி நேரத்தில் வீக்கமும் வந்தால் அது சாதாரணச் சுளுக்கு என்று நினைக்காதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் நாட்டு வைத்தியக் கட்டு கட்டுவதும் வேண்டாம். ஐஸ் ஒற்றடம் கொடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், ஊன்றுகோலோடு நடங்கள். ஊர் திரும்பிய வாரமே எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.