சட்டைக்கு முதுகும் உண்டு

காலர், கை முனை, பொத்தான் நிறம் என்று அரை மணி நேரம் பேசுகிறவர்கள், முதுகுப் பக்கம் என்றதும் "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சட்டை தைக்கும் எனக்கு அந்தப் பதில் பயத்தைத்தான் தருகிறது.

போன டிசம்பரில் இதே ஊரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர் ஒருவர், வேறிடத்தில் தைத்த வெள்ளை பாப்ளின் சட்டையோடு வந்தார். நின்றால் கச்சிதமாக இருந்தது. "கேமரா பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள் தம்பி" என்றேன். கைக்குழிகளுக்கு நடுவே துணி முறுக்கிய கயிறாக இழுத்தது. சட்டை நுனி பெல்ட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. கை நீளும்போது விரியக் கூடுதல் துணியை மடித்துவிடும் மடிப்பே இல்லாத முதுகு, போதாததற்கு இடுப்பை ஒட்டவைக்க உள்ளே பிடித்துத் தைத்த இரண்டு டார்ட்.

"கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள் அண்ணே."

டார்ட்டைப் பிரித்தால் இடுப்புதான் தளரும், அதுவும் ஊசித்துளை வரிசை தெரியத் தெரிய. தோளெலும்புக்கு மேல் வெட்டும்போதே விடாத துணிக்கு நான் எங்கே போவேன்?

டார்ட்டைப் பிறகும் போடலாம். மடிப்பைப் போட முடியாது. தீர்மானமில்லை என்றால் மடிப்போடு தைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க் கோடைப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டாமலும் இருக்கும். நடுமுதுகில் வரும் பெட்டி மடிப்பு, வெளியே விட்டு அணியும் சட்டைக்குப் பொருந்தும். அதன் தலையில் தைக்கும் துணி வளையம் வெறும் அலங்காரம் என்பது என் கட்சி. கோட்டுக்குள் போடும் சட்டைக்கு இருபுறமும் ஒவ்வொரு மடிப்பு வையுங்கள். கை நீளும்போது விரிவது தோளெலும்புப் பக்கம்தான், முதுகுத்தண்டு அல்ல.

தோளுக்குக் கீழே குறுக்காக வரும் துண்டை யோக் என்போம். அதை நடுவில் பிரித்துத் தைப்பதற்குக் கூடுதல் கூலி கேட்பார்கள். ஒரு தோள் தாழ்ந்தவர்களுக்கு இரு பாதிகளையும் தனித்தனியே சரித்து வெட்ட முடியும் என்பதால் அது நியாயமான கூலிதான். ஆனால் ஒரே துண்டுக்கு நடுவில் தையல் ஓட்டிவிட்டுப் பணம் வாங்குபவர்களும் உண்டு. கோடு போட்ட துணியில் பாருங்கள்: சரித்து வெட்டியிருந்தால் கோடுகள் நடுத்தையலில் அம்பு முனைபோல் கூடும், குறுக்கே நேராக ஓடினால் அது வெறும் தையல்தான்.

புகைப்படக்காரருக்குப் பக்க மடிப்போடு புதிதாகத் தைத்தேன். பழைய சட்டை, வங்கியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அவர் தம்பியிடம் போய்விட்டதாம். அவருக்குக் கச்சிதமாக இருக்கிறதாம்.